எத்தனை உதிரிப்பாகம் வாங்குவது? கணக்குத் தாள், மெட்ரிக், சிமுலேஷன் மூன்றையும் எடைபோட்டால்

போர் விமானம் வாங்கினால் முதல் பக்கச் செய்தி. அதற்கு உதிரிப்பாகம் வாங்கியது எந்தப் பக்கத்திலும் வராது. ஆனால் ஹேங்கரை விட்டு வெளியே வராத விமானங்களைப் போய்ப் பார்த்தால், அவற்றில் பல ஏதோ ஒரு பெட்டிக்காகக் காத்துக் கிடக்கும். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2019-ல் சொன்ன கணக்கு இது: 2018 மே முதல் நவம்பர் வரையிலான காலத்தில் கிட்டத்தட்ட 30 சதவீத நேரம் எஃப்-35 விமானங்கள் பாகம் இல்லாமலேயே தரையில் நின்றன. 2023 மார்ச்சில் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 சதவீதம்; பழுதுபார்ப்புக்குக் காத்திருந்த பாகங்கள் 10,000-க்கும் மேல். இந்திய விமானப்படையின் சுகோய்-30 பற்றி நம் அரசுத் தணிக்கை அமைப்பான சி.ஏ.ஜி. 2015-ல் கொடுத்த அறிக்கையும் இதே ராகம்தான். 75 சதவீதம் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தது 55 முதல் 60.

பணம் இல்லாததால் மட்டும் இப்படி ஆவதில்லை. இருக்கிற பணத்தில் எந்தப் பெட்டியை எத்தனை வாங்குவது, எதை விமானத் தளத்தில் வைப்பது, எதை மத்திய டிப்போவில் வைப்பது என்ற முடிவு தவறினாலும் இதுதான் நடக்கும். அந்த முடிவை எடுக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய கணக்குத் தாள், மெட்ரிக் (மீட்டர், கிலோ அளவு முறை அல்ல, ஒரு கணித மாதிரியின் பெயர்) வகைச் சூத்திர மாதிரிகள், கணினிச் சிமுலேஷன். மூன்றாவதுதான் இப்போது மோஸ்தர். திரையில் குட்டி விமானங்கள் பறக்கும், லாரிகள் ஓடும், பார்க்கிற அதிகாரி மயங்கிவிடுவார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கும் பட்டியலைத் தயாரிக்க மெட்ரிக். அந்தப் பட்டியலை உலுக்கிப் பார்க்கவும், பணிமனையின் கொள்ளளவைத் தீர்மானிக்கவும் சிமுலேஷன். போல்ட், வாஷர், சீல் போன்ற மலிவான நுகர்பொருளுக்குக் கணக்குத் தாளே போதும். சிமுலேஷன் மென்பொருளை வாங்கி வைத்துக்கொண்டு "எதை வாங்கலாம் சொல்" என்று அதனிடம் கேட்பதுதான் இந்தத் துறையில் அதிகம் செலவு வைக்கும் குழப்பம்.

சராசரி என்னும் பொறி

இங்கே பேசுவது கழற்றி மாற்றக்கூடிய பெட்டிகளைப் பற்றி. ரேடார் டிரான்ஸ்மிட்டர், ஹைட்ராலிக் பம்பு, மிஷன் கம்ப்யூட்டர் போன்றவை. துறையில் எல்.ஆர்.யூ. என்பார்கள். விலை அதிகம் என்பதால் பழுதானால் தூக்கிப்போடுவதில்லை. பணிமனைக்குப் போய், சரியாகி, மறுபடி அலமாரிக்கு வரும். கையிருப்பு தீர்ந்துபோவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கேள்வி, எந்த ஒரு நாளிலும் எத்தனை பெட்டி சுற்றில் மாட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான்.

கணக்குத் தாளில் என்ன செய்வார்கள்? ஒரு கற்பனை ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்வோம். 20 விமானம். ஒவ்வொன்றும் மாதம் 20 மணி நேரம் பறக்கிறது. மொத்தம் 400 மணி. ஒரு பெட்டி சராசரியாக 400 மணிக்கு ஒருமுறை பழுதாகிறது என்றால் மாதம் ஒன்று. பழுதுபார்த்துத் திரும்பி வர 3 மாதம். ஆக எந்நேரமும் சராசரியாக 3 பெட்டி சுற்றில் இருக்கும். "மூன்று வாங்கு" என்று தாள் சொல்லும். கொஞ்சம் கவனமான ஆள் பாதுகாப்புக்கு ஒன்று சேர்த்து நான்கு போடுவார்.

சராசரியாக 300 பேர் வருகிற கல்யாணத்துக்கு 300 இலைக்கு மட்டும் உலை வைக்கிற சமையல்காரர் உண்டா? ஆனால் பாதுகாப்புத் துறைகளில் உதிரிப்பாகம் வெகுகாலம் இப்படித்தான் வாங்கப்பட்டது. விளைவைப் போட்டுப் பார்க்கலாம். பழுதுகள் பாய்சான் பரவலில், அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக வரும் நிகழ்வுகளின் கணக்கில் வருவதாக வைத்துக்கொண்டால், 3 உதிரி இருக்கும்போது சராசரியாக 0.67 பெட்டி பற்றாக்குறையில் இருக்கும். 20 விமானத்தில் பகிர்ந்தால் ஒரு விமானத்துக்கு 3.4 சதவீதம். சின்ன எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் விமானத்தில் இப்படி 100 வகைப் பெட்டிகள் இருந்தால்? நூறும் ஒரே சமயத்தில் இருக்கிற விமானம்தான் பறக்கும். 0.966-ஐ நூறு முறை பெருக்கினால் 3 சதவீதம். இருபதில் ஒரு விமானம்கூடத் தேறாது.

எல்லாப் பெட்டியிலும் 4 உதிரி வைத்தால் 20 சதவீதம். 5 வைத்தால் 51. 6 வைத்தால் 78. சராசரிக்கு மேல் வைக்கும் அந்த மூன்று பெட்டிகள்தான் ஸ்குவாட்ரனை ஸ்குவாட்ரனாக ஆக்குகின்றன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 5 உதிரி வைத்திருக்கும் நிலையில் ஸ்டோர்ஸ் பதிவேட்டைப் புரட்டினால், கேட்ட 100 தடவையில் 82 தடவை உடனே கொடுத்திருப்பார்கள். ஆண்டறிக்கையில் பெருமையாகப் போடக்கூடிய எண். வெளியே பாதி விமானங்கள் தரையில் நிற்கும். கேட்ட நொடியில் கொடுத்தோமா என்று மட்டும் பார்க்கிற அளவுகோலுக்கு, கொடுக்காத 18 தடவையிலும் விமானம் எத்தனை நாள் காத்திருந்தது என்பது கண்ணிலேயே படாது. எந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, இந்த ஸ்டோர்ஸ் சதவீதத்தை இலக்காக வைக்காதீர்கள். விமானத் தயார்நிலையை வையுங்கள்.

மெட்ரிக்: 1968-ன் சூத்திரம், இன்றும் வேலை செய்கிறது

மேலே போட்ட கணக்கின் வேர் ஒரு ஸ்வீடன்காரரிடம் இருக்கிறது. கான்னி பாம் டெலிபோன் பொறியாளர். 1938-ல் டெலிபோன் நெரிசலைப் பற்றி அவர் நிறுவியது இது: அழைப்புகள் பாய்சான் முறையில் வந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய நேரம் எடுத்து, லைன்களுக்குப் பஞ்சம் இல்லை என்றால், எந்நேரமும் நடப்பில் இருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையும் பாய்சான்தான். ஒவ்வொரு அழைப்பும் எத்தனை நேரம் நீள்கிறது என்பதன் பரவல் எப்படி இருந்தாலும் கவலையில்லை, சராசரி தெரிந்தால் போதும். அழைப்பு இருந்த இடத்தில் பழுதான பெட்டியை வைத்துப் பாருங்கள்.

வைத்துப் பார்த்தவர் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த கிரெய்க் ஷெர்புரூக். அமெரிக்க விமானப்படைக்காக அவர் செய்து 1968-ல் ஆய்விதழில் வெளியிட்ட மாதிரிதான் மெட்ரிக். அதன் கெட்டிக்காரத்தனம் இரண்டு. முதலாவது, தளத்தையும் டிப்போவையும் சேர்த்துப் பார்ப்பது. டிப்போவில் ஒரு பெட்டி இருப்பதால் நேரடியாக எந்த விமானமும் பறக்காது. தளங்கள் காத்திருக்கும் நேரத்தை அது குறைக்கும், அவ்வளவுதான். அந்தக் குறைவு எவ்வளவு என்று கணக்கிட்டு, தளத்துக்கு எத்தனை, டிப்போவுக்கு எத்தனை என்று பிரித்துக் கொடுக்கிறது. இரண்டாவது, அடுத்த ரூபாயை எங்கே போட்டால் பற்றாக்குறை அதிகம் குறையும் என்று ஒவ்வொரு படியிலும் பார்த்து வாங்குவது. மலிவான பெட்டிகள் தாராளமாகவும் விலையுயர்ந்தவை சிக்கனமாகவும் பட்டியலில் வந்து உட்காரும். எல்லாப் பொருளுக்கும் ஒரே 'பாதுகாப்பு இருப்பு' வைக்கும் தாளை விட, அதே பணத்துக்கு அதிக விமானங்களை இது பறக்கவைக்கும்.

பிறகு வந்தவர்கள் ஓட்டைகளை அடைத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்னணு கார்டுகளையும் கணக்கில் எடுக்கும் மாட்-மெட்ரிக் 1973-ல் வந்தது. வாரி-மெட்ரிக் என்ற மேம்பட்ட வடிவத்தைப் பற்றி ஷெர்புரூக்கே 1986-ல் எழுதினார். ஸ்வீடனில் 1970-லிருந்து வளர்ந்துவரும் ஓபஸ்10 மென்பொருளும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்ததுதான்.

வேகம்தான் இதன் முதல் பலம். 100 வகைப் பெட்டி, ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரை வாங்கலாம் என்றால் சாத்தியமான பட்டியல்கள் 10-ன் 100-ஆம் அடுக்கு. மெட்ரிக் இந்தக் காட்டுக்குள் நேர்வழியில் போய் வந்துவிடும், சாதாரண மடிக்கணினியில் நொடிக் கணக்கில். பட்ஜெட்டுக்கு எதிரே தயார்நிலை என்று ஒரு வளைகோட்டை வரைந்து கையில் கொடுக்கும். நிதிப் பிரிவோடு பேசும்போது அந்த ஒரு கோடு, அசையும் படங்கள் நூறுக்குச் சமம்.

மெட்ரிக் எங்கே பொய் சொல்கிறது

அந்த 3 சதவீத விடைக்குத் திரும்பிப் போவோம். இருபது விமானமும் தரையில் நின்றால் மாதம் 400 மணி பறப்பது யார்? பறக்காத விமானத்தில் அந்தப் பழுதும் வராது. ஆனால் மெட்ரிக்கின் சூத்திரத்தில் பழுது வழக்கம்போல் வந்துகொண்டே இருக்கும். தயார்நிலை அதிகமாக இருக்கும்போது இந்தப் பிழை தெரியாது. தாழ்ந்துபோகும்போது, அதாவது நமக்கு மாதிரி உண்மையிலேயே தேவைப்படும்போது, விடை தடம் புரளும்.

அடுத்தது, ஒரு விமானத்தில் கழற்றி இன்னொன்றில் மாட்டும் பழக்கம். எல்லா விமானப்படைகளிலும் நடப்பதுதான், கனிபலைசேஷன் என்று பெயரே இருக்கிறது. மூல மெட்ரிக்குக்கு இது தெரியாது. 5 உதிரி வைத்த அதே உதாரணத்தில் எல்லாப் பற்றாக்குறையையும் முடிந்தவரை சில விமானங்களின் தலையில் கட்டிவிட்டால், சராசரியாக 3 விமானம்தான் நிற்கும். 51 சதவீதம் என்றது சுமார் 84 ஆகிவிடும்! நிஜம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஏனென்றால் கழற்றி மாட்டுவது இரட்டை வேலை. ஆளும் நேரமும் தின்னும், கழற்றும்போது நல்ல பெட்டியும் கெட்டுப்போகும், சில பாகங்களைக் கழற்றவே முடியாது.

மூன்றாவதுதான் பெரியது. பாமின் தேற்றத்தில் லைன்களுக்குப் பஞ்சமில்லை. பணிமனையில் டெஸ்ட் பெஞ்சுக்கு, அதாவது பெட்டியைச் சோதித்துப் பழுதுபார்க்கும் மேடைக்குப் பஞ்சம் உண்டு. ஒரே பெஞ்ச், வருகையும் வேலை நேரமும் தற்செயலானவை என்று வைத்தால், பெஞ்ச் 80 சதவீதம் வேலையில் இருக்கும்போது அங்கே சராசரியாக 4 பெட்டி இருக்கும். 90 சதவீதத்தில் 9. 95 சதவீதத்தில் 19. "எங்கள் பெஞ்ச் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை" என்று பணிமனைத் தலைவர் பெருமைப்பட்டால், அந்த வாக்கியத்திலேயே விமானங்கள் நிற்பதற்கான காரணம் இருக்கிறது. போர்க்காலப் பறத்தல் என்றால் இன்னும் மோசம். நாளுக்கு 5 பெட்டி பார்க்கும் பெஞ்சுக்கு அமைதிக்காலத்தில் 3 வருகிறது, எல்லாம் சுகம். பறத்தல் இரட்டித்து 30 நாள் தினமும் 6 வந்தால், கடைசி நாளில் 30 பெட்டி தேங்கி நிற்கும். பிறகு அமைதி திரும்பினாலும் தேக்கம் கரைய மேலும் 15 நாள். நிலையான சராசரியை மட்டும் அறிந்த மாதிரிக்கு இந்த 45 நாள் கதையைச் சொல்லத் தெரியாது. இந்தக் குறைக்காகவே ராண்ட் 1980-களின் தொடக்கத்தில் டைனா-மெட்ரிக்கை உருவாக்கியது. மாறும் பறத்தல் அளவையும் முழுக் கனிபலைசேஷனையும் அது சூத்திரத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. பாதி தூரம் அது போகிறது.

லடாக்கில் நிற்கும் டாங்கிகளுக்கு உதிரி எஞ்சின் எத்தனை என்ற கேள்விக்கு எந்த மெட்ரிக்கும் சரிவராது. அங்கே போகும் சாலையிலுள்ள ஜோஜிலா கணவாய் பனிக்காலத்தில் மூடிக்கொள்ளும். அதனால்தான் ராணுவம் குளிருக்கு முன்பே சரக்கைக் குவித்துவைக்கிறது. சாலை திறந்திருக்கும் மாதங்களையும் மூடியிருக்கும் மாதங்களையும் கூட்டி வகுத்து ஒரு 'சராசரிப் போக்குவரத்து நேரம்' போட்டால், வருடத்தில் எந்த நாளிலும் உண்மையாக இல்லாத ஒரு எண்தான் கிடைக்கும்.

சிமுலேஷன்

சிமுலேஷன் இவை எல்லாவற்றையும் செய்யும். காலை 6 மணிக்கு விமானம் கிளம்புகிறது, 7.20-க்குப் பெட்டி பழுதாகிறது, அலமாரியில் இருந்தால் மாற்று, இல்லை என்றால் பக்கத்து விமானத்தில் கழற்று, ஆள் இல்லை என்றால் காத்திரு, பெஞ்சில் வரிசையில் நில், வாரத்துக்கு ஒருமுறை வரும் சரக்கு விமானத்தில் ஏற்று. இப்படி நிகழ்வு நிகழ்வாக ஒரு வருடத்தைச் சில நொடிகளில் ஓட்டிப்பார்க்கலாம்.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததிலேயே ராணுவ லாஜிஸ்டிக்ஸின் பங்கு பெரிது. 1956-ல் சாண்டா மோனிகாவில் ராண்ட் ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. கணினி பழுதுகளை உற்பத்தி செய்ய, மனிதர்கள் டிப்போ அதிகாரிகளாக உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். முதல் சோதனையே ஒரு ஒப்பீடுதான்: விமானப்படையின் அப்போதைய கொள்கையும் ராண்ட் முன்வைத்த கொள்கையும் பக்கம் பக்கமாக. அடுத்து 1960-களின் தொடக்கத்தில் ஹாரி மார்கோவிட்ஸ் அங்கே சிம்ஸ்கிரிப்ட் என்ற சிமுலேஷன் மொழியை உருவாக்கினார். பங்குச்சந்தை முதலீட்டுக் கோட்பாட்டுக்காக 1990-ல் பொருளாதார நோபல் பெற்ற அதே மார்கோவிட்ஸ். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த எல்காம் என்னும் மாதிரி, ஒரு ஸ்குவாட்ரனுக்கு எத்தனை டெக்னீஷியன்கள் வேண்டும் என்று கணக்கிட அமெரிக்க விமானப்படைக்குப் பல காலம் பயன்பட்டது. கவனியுங்கள், அது பேர்பெற்றது ஆள்கணக்கில். ஆள், பெஞ்ச், வண்டி, வரிசை: சிமுலேஷனின் சொந்த ஊர் இது.

அப்படியானால் பட்டியலையும் அதிலேயே போட்டுவிடக் கூடாதா? அங்கேதான் செலவு. சிமுலேஷன் நீங்கள் கொடுத்த ஒரு பட்டியலுக்கு என்ன நடக்கும் என்று சொல்லும், அதுவும் தோராயமாக. ஒவ்வொரு ஓட்டமும் ஒரு சீட்டுக்குலுக்கல். நம்பத்தகுந்த விடைக்குப் பல ஓட்டங்கள் வேண்டும். பிழை வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டம். ஒரு பெட்டியைக் கூட்டினால் தயார்நிலை 0.3 சதவீதம் ஏறுமா என்பது அந்த இரைச்சலுக்குள் காணாமல் போய்விடும். 10-ன் 100-ஆம் அடுக்குப் பட்டியல்களில் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓட்டிப்பார்க்கப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. தேடலைச் சுருக்கும் உத்திகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் ஒரு நல்ல தொடக்கப் பட்டியல் வேண்டும். அதைக் கொடுப்பது மெட்ரிக்.

இரண்டு பட்டியல்களை மோதவிடுவது வேறு விஷயம், அதில் சிமுலேஷன் கில்லாடி. ஒரே தற்செயல் எண்களை இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். அதாவது இரண்டு உலகங்களிலும் அதே விமானத்தில் அதே நாளில் அதே பெட்டி பழுதாக வேண்டும். அப்போது மிஞ்சும் வித்தியாசம் பட்டியலால் வந்தது, அதிர்ஷ்டத்தால் வந்தது அல்ல. இதைச் செய்யாமல் "புதிய கொள்கையால் 4 சதவீதம் உயர்வு" என்று அறிக்கை வந்தால், எத்தனை ஓட்டம், என்ன பிழை வரம்பு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த 4-ஐ மறந்துவிடலாம்.

இன்னொரு பலவீனம் மனிதர்களைச் சேர்ந்தது. சிமுலேஷன் மாதிரி வளர்ந்துகொண்டே போகும். "அந்த ஃபோர்க்லிஃப்டையும் சேர்த்துவிடுங்களேன்" என்று ஒருவர் சொல்வார். இரண்டு வருடத்தில், எழுதியவர் மாற்றலாகிப் போன பிறகு, விடை ஏன் அப்படி வருகிறது என்று சொல்ல ஆள் இருக்காது. மெட்ரிக்கை ஒரு கெட்டிக்கார கேப்டன் ஒரு வாரத்தில் எக்செல்லில் கட்டிச் சரிபார்த்துவிட முடியும்.

ஓபஸ்10-ஐச் செய்யும் அதே ஸ்வீடன் நிறுவனம் சிம்லாக்ஸ் என்ற சிமுலேஷனையும் தனியாக விற்கிறது. முதலாவது பட்டியல் போடும், இரண்டாவது அதைப் போர்க்காலத் திட்டத்தில் ஓட்டிப்பார்க்கும். இரண்டையும் விற்பவரே ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றாகச் சொல்வதில்லை. வாங்க வசதியில்லாதவர்கள் சூத்திரப் பகுதியை எக்செல்லிலும் சிமுலேஷன் பகுதியைப் பைத்தான் நிரல்மொழியின் சிம்பை நூலகத்திலும் எழுதிக்கொள்ளலாம். தொடங்குவதற்கு அது தாராளம்.

யாருக்கு எது

நிலையான பறத்தல், பல தளங்கள், ஒரு டிப்போ, பல வருடப் பழுதுப் பதிவுகள்: மெட்ரிக் மட்டும் போதும். சிமுலேஷனுக்குச் செலவழிக்கிற பணத்துக்கு இன்னும் சில ஹைட்ராலிக் பம்பு வாங்குங்கள்.

புதிய டெஸ்ட் பெஞ்ச் வாங்கவா, இரண்டாவது ஷிஃப்ட் போடவா, பழுதுபார்ப்பை வெளிநாட்டிலிருந்து உள்நாட்டுக்கு மாற்றவா என்பது கேள்வியானால் சிமுலேஷனைத் தவிர வழியில்லை. பனிக்காலச் சரக்குக் குவிப்பும், 30 நாள் போர்த் திட்டமும், கடலில் மாதக்கணக்கில் இருக்கும் கப்பலும் இதே வகை.

புத்தம்புதிய ரகம் என்றால் இரண்டிலும் அவசரம் கூடாது. 2020 மே மாதம் சூலூரில் 18-ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸோடு மறுபிறவி எடுத்தது. அப்படி ஒரு ரகம் பணிக்கு வரும் முதல் ஆண்டுகளில் கையில் இருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் சொல்லும் பழுது வீதம்தான். அது இரண்டு மடங்கு தவறாக இருந்தால், மேலே பார்த்த உதாரணத்தில் சுற்றில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 6 இருக்கும், 6 உதிரி வைத்த பட்டியல் கவிழ்ந்துவிடும். இங்கே நான் செய்வது: மெட்ரிக்கை மூன்று முறை ஓட்டு, சொன்ன வீதத்தில் ஒன்று, பாதியில் ஒன்று, இரட்டிப்பில் ஒன்று. மூன்று பட்டியலிலும் இருப்பதை இப்போதே வாங்கு. மற்றவற்றுக்கு ஒப்பந்தத்தில் பிறகு வாங்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொள். ஒரு வருடப் பதிவுகள் சேர்ந்ததும் மறுபடி ஓட்டு.

பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி.ஏ.ஓ.-வின் 2019 அறிக்கையில் ஒரு தகவல் உண்டு. அமெரிக்க மரைன் படை எஃப்-35களைக் கடல்பணிக்குக் கொண்டுபோனபோது, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த உதிரித் தொகுப்பில் 44 சதவீதம் அந்த விமானங்களுக்குப் பொருந்தவே இல்லை. பட்டியல் போட்ட நாளுக்கும் கப்பல் ஏறிய நாளுக்கும் இடையில் விமானத்தின் வடிவமைப்பு மாறிவிட்டது. எந்த விமானத்தில் எந்தப் பதிப்புப் பெட்டி மாட்டியிருக்கிறது என்ற ஏடு சரியில்லை என்றால், மூன்று வழியும் ஒரே குட்டையில்தான் விழும்.

ஆகவே விற்பனையாளர் எந்த மாதிரியைக் கொண்டுவந்தாலும் கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை வைக்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய கையிருப்பு, பறத்தல் திட்டம், பணிமனை ஆள்பலம் மூன்றையும் கொடுங்கள். போன வருடம் மாதாமாதம் எத்தனை விமானம் தயாராக இருந்திருக்கும் என்று கேளுங்கள். உண்மையான பதிவேட்டை மட்டும் உங்கள் மேஜை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சராசரி ஓரளவு ஒத்துவந்து, மோசமான மாதங்களையும் மாதிரி மோசம் என்றே காட்டினால் மேற்கொண்டு பேசலாம். மோசமான மாதங்கள் வழவழவென்று சமமாகிப் போயிருந்தால், எங்கோ ஒரு வரிசையை அது விட்டுவிட்டது. எந்த பெஞ்ச், எந்த ஷிஃப்ட் என்று அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.